ரெண்டு ஷேடு கம்மி

“டீச்சருக்கு உடம்பு சரியில்லையா? முகம் வெளுத்துப்போய் இருக்கே?” என்று எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையனின் அம்மா கேட்டிருந்தார். அது 2020 ஜூலை. அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பத்து நிமிடத்துக்குள் மூன்று பெற்றோர் போன் செய்துவிட்டார்கள். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, சாம்பார் வாசனை நன்றாகவே தெரிகிறது என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் பண்ண வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடம் பூட்டி நாலு மாதம் ஆகியிருந்தது. கல்வித் தொலைக்காட்சி வந்து அப்போது ஒரு வருடம்கூட நிறையவில்லை. அதைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளைகளுக்கு நாமும் சில பாடங்களைப் படம்பிடித்து அனுப்பினால் என்ன என்று எங்கள் தலைமையாசிரியை கேட்டார். எட்டாம் வகுப்பு அறிவியல் என் பொறுப்பு. ஒளி பற்றிய பாடத்தை எடுத்துக்கொண்டேன். படம்பிடிக்க வந்தவர் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி. ஊரடங்கில் முகூர்த்தம் இல்லாமல் அருப்புக்கோட்டையில் சும்மா உட்கார்ந்திருந்தவர். இரண்டு பெரிய விளக்குகளைக் கொண்டுவந்து கரும்பலகைக்கு எதிரே நட்டார்.

நான் வழக்கம்போல் முகம் கழுவி, பவுடர் பூசி, பொட்டு வைத்து, சுங்குடிச் சேலையில் போய் நின்றேன். முப்பது வருடமாக என் அலங்காரம் அவ்வளவுதான். காமிராவுக்காக அன்றைக்கு ஒரு கை கூடுதலாகப் பூசியிருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வீடியோவில் பார்த்தால் கழுத்துக்கு மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. முகம் முழுக்கத் திருநீறு பூசியது போல ஒரு சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் முகம் கரும்பலகையைக் காட்டி, ஒழுங்கான எதிரொளிப்பு, ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்று விளக்கிக்கொண்டிருக்கிறது. வழவழப்பான பரப்பில் பட்ட ஒளி ஒரே திசையில் திரும்பும், சொரசொரப்பான பரப்பில் பட்டால் நாலா பக்கமும் சிதறும். பாடத்துக்கு எடுத்துக்காட்டு என் கன்னத்திலேயே இருந்தது. டால்கம் பவுடர் என்பது வேறொன்றும் இல்லை, கல்சட்டி செய்கிறோமே அந்த மாக்கல்லின் பொடிதான். தோலின் மேல் உட்கார்ந்து, விழுகிற வெளிச்சத்தை எல்லாம் வெள்ளையாகச் சிதறடிக்கும். சிவந்த தோலில் அது அவ்வளவாகத் தெரியாது. என் தோலில் தெரியும். முப்பது வருடமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இரண்டு விளக்கைப் போட்டுக் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அக்கா மகள் அப்போது சென்னையிலிருந்து வந்து எங்கள் வீட்டு மாடியில் தங்கி, கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

“சித்தி, நீங்க மேக்கப் போட்டுக்கங்க.”

“இந்தப் பூச்சே போதும்டி. இதுக்கு மேல வேறயா?”

“இது மேக்கப் இல்ல சித்தி. இது சுண்ணாம்பு.”

எனக்கு அப்போது வயது 45. மேக்கப் என்றாலே என் நினைவுக்கு வருவது என் கல்யாண ஆல்பம். 1999இல் பக்கத்து நகரத்து பார்லர் ஒன்றில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, முகத்துக்கு ரோஜா நிறத்தில் எதையோ பூசி அனுப்பினார்கள். ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தைப் பார்த்தால் மாலையைப் பிடித்திருக்கும் கைகள் என்னுடையவை. முகம் யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும், “பொண்ணு கலரா இருக்கே” என்று சந்தோஷப்பட்டார்கள். தமிழில் கலர் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். உலகத்தில் உள்ள அத்தனை நிறத்துக்கும் பொதுவான சொல்லை எடுத்து ஒரே ஒரு நிறத்துக்குக் கொடுத்துவிட்டோம். அந்த நிறத்தில் இல்லாதவர்களுக்குக் கலரே இல்லை என்று ஆகிவிட்டது.

அந்த ஆல்பத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அக்கா மகளிடம் அதைச் சொன்னேன். “அது வேற சித்தி. நான் சொல்றது போட்டா போட்ட மாதிரியே தெரியாது” என்றாள். தெரியாத ஒன்றை எதற்குப் போட வேண்டும் என்று கேட்டேன். “கறியில உப்பு தெரியுதா? போடாம பாருங்க.” பதில் சொல்ல முடியவில்லை.

அவள் எழுதிக் கொடுத்த சீட்டோடு கடைக்குப் போனேன். ஃபேன்சி ஸ்டோர் பாதி ஷட்டர் திறந்திருந்தது. வாசலில் கயிறு கட்டி, வாளியில் சோப்புத் தண்ணீர். சீட்டில் நாலாவது வரியில் ‘நியூட் லிப்ஸ்டிக்’ என்று இருந்தது. அந்தச் சொல்லை நான் எப்படிக் கேட்பது? கடையில் என்னிடம் படித்த பையன் ஒருவன் வேலை பார்த்தான். “தம்பி, உதட்டுக்கு… மண்ணு நிறத்துல ஏதாச்சும் இருக்கா?” என்றேன். அவன் ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். உள்ளே இருந்தவை எல்லாம் பால் கலந்த இளஞ்சிவப்பு. அதுவும் ஒருவருடைய உடம்பின் நிறம்தான். எங்கள் ஊரில் யாருடையதும் இல்லை. வகுப்பில் மெழுகுக் கலர் பெட்டியில் ஒரு குச்சியைப் பிள்ளைகள் ‘ஸ்கின் கலர்’ என்பார்கள். பீச் பழ நிறம். அதை வைத்துத்தான் அம்மா படம் வரைவார்கள், அப்பா படம் வரைவார்கள். ஒரு நாளும் நான் அதைத் திருத்தியதில்லை. கடையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது.

முகத்துக்கான பூச்சு எடுக்கும்போது கடை அண்ணாச்சியே வந்துவிட்டார். கொரோனாக் காலம், முகத்தில் தொட்டுப் பார்க்க விடமாட்டார்கள். என் கையைப் பார்த்துவிட்டு ஷேடு அட்டையில் ஒன்றைக் காட்டினார். “உங்க கலருக்கு இதான் டீச்சர் வரும். ஆனா ரெண்டு ஷேடு கம்மியா எடுங்க. நல்லாக் கலரா தெரிவீங்க.” அக்கறையாகத்தான் சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அக்கா மகள் டியூபைத் திருப்பிப் பார்த்தாள். “இது யாருக்கு சித்தி?”

அதில் ஒரு பொட்டு எடுத்து என் தாடை ஓரத்தில், காதுக்குக் கீழே இழுத்தாள். பூச்சின் நிறத்தைக் கையில் பார்க்கக் கூடாதாம். கையும் முகமும் ஒரே நிறமில்லை. தாடையில், அதுவும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முகமும் கழுத்தும் சேர்கிற இடத்தில் இழுத்த கோடு எந்த டியூபில் காணாமல் போகிறதோ அதுதான் நம்முடையது. என் தாடையில் அந்தக் கோடு சாக்பீஸால் அடிக்கோடு இட்டது மாதிரி இருந்தது.

மறுநாள் திரும்பப் போய், அண்ணாச்சி முதலில் சொன்ன சரியான ஷேடைக் கேட்டேன். தேடினார். இல்லை. “அந்த ஷேடு நம்ம ஊர்ல போகாது டீச்சர், அதான் எடுக்கிறதில்ல.” கடைக்கு உள்ளே நின்ற பெண்கள் ஐந்து பேர். என்னையும் சேர்த்து நாலு பேருக்கு அந்த ஷேடுதான் வந்திருக்கும். சந்தைப் பொருளாதாரம் எனக்குத் தெரியாது. ஆனால் வாங்குகிறவர்களின் நிறத்தைத் தவிர மற்றதெல்லாம் ஸ்டாக்கில் இருந்த அந்தக் கடையை மறக்க முடியவில்லை. 2017இல் பாடகி ரிஹானா ஆரம்பித்த ஃபென்ட்டி பியூட்டி நிறுவனம் எடுத்த எடுப்பிலேயே 40 ஷேடுகளில் ஃபவுண்டேஷனைக் கொண்டுவந்ததாகவும், கருத்த ஷேடுகள் சீக்கிரமே விற்றுத் தீர்ந்ததாகவும் அக்கா மகள் சொன்னாள். நாற்பதில் ஒன்று அருப்புக்கோட்டைக்கு வந்திருந்தால் போதும். கடைசியில் ஆன்லைனில்தான் வரவழைத்தோம், பத்து நாள் காத்திருந்து. அதே ஜூலையில்தான் நாடறிந்த சிவப்பழகு க்ரீம் ஒன்று தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கழற்றியதாகச் செய்தி வந்தது. அக்கா மகள் மாடியிலிருந்து கத்தி வாசித்தாள். நான் கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

பாடம் தினமும் காலை ஏழு மணிக்குத் திண்ணையில் நடந்தது. அவளுக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங். பிரஷ், ஸ்பாஞ்ச் எதுவும் வேண்டாம் என்றாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, விரல்தான் கருவி. அதிலும் மோதிர விரல். ஆள்காட்டி விரல், நடு விரலைவிட அதற்கு அழுத்தம் குறைவு, கண்ணுக்குக் கீழே இருக்கும் மெல்லிய தோலை இழுக்காது. ஒவ்வொரு புதுப் பொருளையும் முதல் நாள் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்தோம். இதை நான் உடனே ஒத்துக்கொண்டேன். என் அம்மாவுக்கு ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடத்தில் வட்டமாக வெள்ளை விழுந்திருந்தது. சில பசைகளில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் தோலுக்கு நிறம் தரும் செல்களையே அழித்துவிடும். பெயரைக் கண்டுபிடித்து அம்மாவிடம் சொன்னபோது, “அவ்ளோ பெரிய பேரா, அதான்” என்றார்.

முதல் விதி, காத்திருப்பது. முகம் கழுவி ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பிறகு இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய சன்ஸ்க்ரீன், எஸ்.பி.எஃப். 30. மறுபடியும் காத்திருப்பு. கல் காயாமல் தோசை ஊற்றினால் என்ன ஆகுமோ அதுவேதான் இங்கும்; அடியில் இருப்பது தோலோடு படியாமல் மேலே தேய்த்தால் எல்லாம் திரண்டு உருண்டு வரும். நான் முதல் இரண்டு நாள் அவசரப்பட்டு, கன்னத்திலிருந்து அழிரப்பர் தூள் மாதிரி உதிர்த்துக்கொண்டிருந்தேன். சன்ஸ்க்ரீனிலும் ஒரு சங்கதி உண்டு. துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் கலந்தது என்றால் நம் தோலில் மறுபடியும் அதே சாம்பல்தான். இரண்டுமே வெள்ளை நிறமிகள், சுவர்ப் பெயின்ட்டில் போடுவது. ஜெல் மாதிரி நிறமில்லாமல் வருவதை அவள் வாங்கித் தந்தாள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு வித்தை. என் கண்ணுக்குக் கீழே இரண்டு தலைமுறை விடைத்தாள் திருத்திய கருவளையம். அதை மறைக்க வெளிறிய பூச்சு எதையாவது போடுவாள் என்று நினைத்தேன். அவள் ஆரஞ்சு நிற லிப்ஸ்டிக்கை எடுத்தாள்! கண்ணுக்குக் கீழே கடுகளவு வைத்துத் தட்டித் தட்டிப் பரப்பினாள். கண்ணாடியில் பார்த்தால் அழுது முடித்தவள் மாதிரி இருந்தேன். அதன் மேல் என் ஷேடில் ஒரு பொட்டு வைத்துத் தட்டினாள். கருவளையம் போய்விட்டது. வெளிறவும் இல்லை.

“எப்படிடி?”

“தெரியல சித்தி, எல்லாரும் செய்வாங்க.”

எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஐம்பது வருடமாகச் செய்கிற காரியம்தான் அது. வெள்ளை வேட்டி பழுப்பேறினால் கடைசித் தண்ணீரில் நாலு சொட்டு நீலம் விடுகிறோம். நீலம், மஞ்சளை அடித்து வெள்ளையாகக் காட்டும். கருவளையத்தில் இருப்பது நீலமும் ஊதாவும் கலந்த நிழல். அதற்கு எதிர்நிறம் ஆரஞ்சு. வேட்டிக்கு எதைச் சேர்க்கிறோமோ, முகத்துக்கு அதற்கு நேர்மாறு. அறிவியல் டீச்சராக அன்றைக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுவரை அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், அதன் பிறகு காரணம் சொல்லத் தொடங்கினேன். அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

முகம் முழுக்கப் பூச விடவில்லை. மூக்கோரம், வாயோரம், பழைய பரு வடு, அவ்வளவுதான். மற்ற இடம் தோல் தோலாகவே இருக்கட்டும் என்றாள். கன்னத்துக்குத் தனிப் பொருள் கிடையாது. உதட்டுக்கு வாங்கிய செங்கல் நிற லிப்ஸ்டிக்கையே சிரித்தால் மேடிடும் இடத்தில் ஒற்றி, ஓரம் தெரியாமல் கரைப்பது. இதைத்தான் நான் கெடுத்தேன். அவள் இல்லாத ஒரு காலை, உள் அறையில் டியூப்லைட்டுக்குக் கீழே நானாகப் போட்டுக்கொண்டேன். பார்க்கப் பார்க்க நிறம் பற்றவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒற்றினேன். பால் வாங்க வாசலுக்குப் போனால் எதிர் வீட்டு மதினி, “என்ன மதினி, வீட்ல அடிகிடி விழுந்துச்சா?” என்றார். எங்கள் டியூப்லைட் நீலம் பாய்ந்த வெள்ளை. அதன் வெளிச்சத்தில் சிவப்பு குறைவு. சிவப்பே குறைவாக உள்ள வெளிச்சத்தில் சிவப்பு எப்படித் தெரியும்? ஒளிப் பாடம் நடத்துகிறவளுக்கு இது தெரியாமல் போனதற்கு வெட்கப்பட்டு, அன்றே கண்ணாடியைக் கழற்றிக்கொண்டுபோய்த் திண்ணைத் தூணில் ஆணி அடித்து மாட்டினேன். வீட்டுக்காரர் இப்போது அங்கேதான் ஷேவ் பண்ணுகிறார்.

புருவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முடி இல்லாத இடைவெளியில் மட்டும் பென்சிலால் முடி முடியாகக் கோடு போட வேண்டும். நான் முழுசாகத் தீட்டி, நாடக மேடை துரியோதனன் ஆனேன். ஒரு நாளோடு அதை விட்டுவிட்டேன்.

மையில் மட்டும் அவள் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அம்மாச்சி வீட்டில் மை கடையில் வாங்கியதே இல்லை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் காயவைப்பார். நனைத்துக் காயவைத்து, மறுபடி நனைத்து. அதைத் திரியாக்கி விளக்கெண்ணெய் அகலில் ஏற்றி, மேலே செம்புத் தட்டைக் கவிழ்த்துவைத்தால் விடிவதற்குள் கரி படிந்திருக்கும். வழித்தெடுத்து விளக்கெண்ணெயில் குழைத்துச் சிமிழில் அடைப்பார். நெற்றிக்குச் சாந்தும் வீட்டிலேயே. ஜவ்வரிசியைக் கருகக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைப்பது. எங்கள் தலையை மடியில் சாய்த்து மை இடுவார். இட்டுவிட்டு விரலில் மிஞ்சியதைத் தன் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, சுத்தமான விரலால் எங்கள் கண்ணோரத்தை ஒரு தரம் வழிப்பார். வழித்த பிறகு இமை ரோமத்தின் அடியில் மட்டும் ஒரு கருப்பு நிற்கும். கண் பெரிதாகத் தெரியும், மை தெரியாது. அக்கா மகள் மேல் இமையின் உள் விளிம்பில் பென்சிலை ஓட்டி, மிச்சத்தை விரலால் வழித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் என் அம்மாச்சியைப் பார்த்ததே இல்லை.

(வீட்டு மையைக் குழந்தைகள் கண்ணுக்குள் இடுவது நல்லதல்ல என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். சரிதான். கடையில் சுர்மா என்று விற்பதில் சிலவற்றில் ஈயம் இருக்கும். அதைப் பெரியவர்களும் தொடக் கூடாது.)

ராத்திரி கலைப்பது தனிப் பாடம். தேங்காய் எண்ணெயை முகம் முழுக்கத் தடவி, அரை நிமிடம் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, அப்புறம்தான் சோப்பு. எண்ணெயில் கரைவதை எண்ணெய்தான் எடுக்கும். வெறும் தண்ணீரால் மையைத் தேய்த்தால் விடிந்ததும் கண் இரண்டும் அடுப்புக் கரி. போட நேரம் இல்லாத நாள் போடாதீங்க, எடுக்க நேரம் இல்லாத நாளும் போடாதீங்க என்பது அவள் கட்டளை.

மூன்று வாரம் கழித்து அடுத்த பாடத்தைப் படம்பிடித்தோம். ஆடிகளில் பிம்பம் உண்டாவது எப்படி என்பது தலைப்பு. அன்று நாலரை மணிக்கே எழுந்துவிட்டேன். வெளிச்சம் வரவேண்டுமே என்று திண்ணையில் காத்திருந்தது வேறு. காத்திருப்பு, ஆரஞ்சுப் பொட்டு, அதன் மேல் என் ஷேடு, கன்னம், மை, உதட்டில் செங்கல் நிறத்தை ஒற்றி டிஷ்யூவில் ஒரு தரம் அழுத்தி எடுத்தது, எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம். காபி கொண்டுவந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, “ராத்திரி நல்லாத் தூங்குனியோ?” என்றார். அக்கா மகள் எனக்குப் பின்னால் நின்று கட்டை விரலை உயர்த்தினாள்.

பள்ளிக்கூடம் வரை முகக்கவசம். உள்ளே போய்க் கழற்றிப் பார்த்தேன். உதட்டுச் சாயம் பாதி கவசத்துக்குப் போயிருந்தது. மீதி போதும் என்று விட்டுவிட்டேன். வீடியோ தம்பி விளக்கைப் போட்டு, காமிரா வழியே ஒரு நிமிடம் பார்த்தார். என் வயிற்றில் ஏதோ செய்தது.

“டீச்சர், இன்னிக்கி மேக்கப் போடலயா? டைம் இருக்கு, போய்க் கொஞ்சம் பவுடர் போட்டுட்டு வாங்க.”

இல்லை தம்பி, இப்படியே எடுங்க என்றேன். எடுத்தார். அந்த வீடியோவுக்கு என் முகத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு பையன் மட்டும், கண்ணாடியில் இடமும் வலமும் மாறுவது போல மேலும் கீழும் ஏன் மாறுவதில்லை என்று கேட்டிருந்தான். நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அக்கா மகள் 2021 கடைசியில் சென்னைக்குத் திரும்பிவிட்டாள். நாற்பது நிமிடம் இப்போது ஏழாகியிருக்கிறது. அண்ணாச்சி கடையில் போன வருடம் கேட்டேன். என் ஷேடு வந்திருந்தது, இரண்டு டியூப். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். பவுடர் டப்பாவும் வீட்டில் இருக்கிறது. மகன் கேரம் போர்டுக்குப் போட்டுக்கொள்கிறான்.